கங்காணி காத்த எல்லை

தலைமன்னார் பியரில் சுங்க உத்தியோகத்தர் மூட்டையை அவிழ்க்கச் சொல்வதற்கு வெகுமுன்பே, கண்டிச்சீமைக்குக் கிளம்பிய ஆளைப் பலர் சோதித்து முடித்திருப்பார்கள். மலையேற்றத்துக்கும் மழைக்கும் தாங்குவாரா என்று ஊரில் கங்காணி ஏற இறங்கப் பார்த்திருப்பார். வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரை விட்டுவிட்டுப் போகிறாய் என்று கிராம முன்சீப் கேட்டிருப்பார். முகாமில் கம்பவுண்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்திருப்பார். இத்தனைக்கும் பிறகுதான் சீருடை போட்டவர் வருவார். அவருக்கு மிச்சமிருந்த வேலை, மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது மட்டும்.

எல்லைப் பாதுகாப்பு என்றதும் துப்பாக்கியும் முள்கம்பியும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எல்லை அப்படி வரவில்லை. தலைப்பாகையும் கோட்டும் கைத்தடியுமாக, சொந்தச் சாதிக்காரராக, பல நேரம் சொந்தக்காரராகவே வந்தது. அவர் பெயர் கங்காணி. குடிவரவுத் திணைக்களம் பிறப்பதற்கு நூறாண்டுக்கு முன்பே இந்த எல்லையின் முன்வரிசை மேற்பார்வையாளர் வேலைக்கு அமர்ந்துவிட்டார். ஆட்சிகளும் சட்டங்களும் மாறிய பிறகும் அந்த வேலை ஒழியவில்லை, ஆள்தான் மாறிக்கொண்டே வந்தது. பெயர்ப் பட்டியல் எழுதுகிற அடிமட்டக் கை எதுவோ அதுதான் மலையகத் தமிழரின் எல்லை அதிகாரி. இருநூறு ஆண்டுக் கதையை இந்தக் கண்ணோடு படித்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

கழுத்தில் தொங்கிய தகரம்

முதலில் கோப்பி. 1820களில் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்குத் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடை. காலராவும் காய்ச்சலும் பட்டினியும் வழியெங்கும் ஆட்களை வாங்கிக்கொண்டன. அந்தக் காலத்தில் எல்லை என்று தனியாக ஒன்றைக் காவல்காக்கத் தேவையே இருக்கவில்லை. காடே போதுமானதாக இருந்தது.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. அதற்கு இரண்டாண்டு முன்புதான் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். கோப்பி பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் ஆள் கேட்ட பயிர். தேயிலை அப்படியில்லை, கொழுந்து வருடம் முழுக்கத் துளிர்க்கிறது. வந்துபோகிற ஆள் போய், வந்து தங்குகிற ஆள் வேண்டியதாயிற்று. தங்குகிற ஆளுக்குத்தான் கணக்கு வேண்டும்.

தோட்டத் துரைமார்களின் ஏற்பாட்டில் 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் உருவானது. அதையொட்டிய ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்ததுதான் தகரவில்லை. சின்ன உலோகத் துண்டு. அதில் தோட்டத்தின் அடையாள எண்ணும் ஆளின் வரிசை எண்ணும் அடித்திருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டால் ரயிலும் கப்பலும் சோறும் கேட்காமல் கிடைக்கும். பெயர் தெரியவேண்டியதில்லை, எழுதப் படிக்கவும் வேண்டாம். தகரத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஆளைத் தோட்டம் வரைக்கும் அனுப்பிவிடலாம். வழிச்செலவுக் கணக்கு தோட்டத்துக்குப் போகும். தோட்டம் அதைத் தொழிலாளியின் பற்றில் எழுதும். கடவுச்சீட்டு என்றால் ஒரு அரசாங்கம் தன் குடிமகனுக்குப் பொறுப்பேற்கும் தாள். இந்தத் தகரத்திலோ கடன்காரனின் விலாசம் மட்டுமே இருந்தது.

கங்காணி இங்கே வகித்த பாத்திரத்தை வில்லன் வேடமாகவே நம் மேடைகள் காட்டிப் பழகிவிட்டன. ஓரளவுதான் சரி. பெரிய கங்காணி தோட்டத்திடம் முன்பணம் வாங்கித் தன் பெயரில் கடனாக்கிக்கொண்டு ஊருக்கு வருவார். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். ஒவ்வொருவரிடமும் பங்காளி, மைத்துனன், ஒரே தெருக்காரர் என்று ஒரு சின்னக் கூட்டம். ஆள் ஓடிப்போனால் கடன் கங்காணியின் தலையில். ஆள் வேலைக்கு வந்தால் நாளுக்கு ஒரு தலைக்கு இத்தனை சதம் என்று தலைக்காசு. மேலே துரைக்குப் பதில் சொல்ல வேண்டும், கீழே சொந்தக்காரருக்கு முகம் காட்ட வேண்டும். எந்த நாட்டுச் சோதனைச் சாவடியிலும் முன்வரிசை மேற்பார்வையாளரின் நிலை இதுதான். கொள்கை வகுத்தவர் கண்ணில் படமாட்டார். மக்கள் திட்டுவது கண்முன் நிற்பவரை. ஆனால் சாவடி அதிகாரிக்குக் கிடைப்பது சம்பளம். கங்காணிக்குக் கிடைத்தது தலைக்கு இவ்வளவு என்ற பங்கு. ஆளைத் தடுத்துவைப்பதில் தன் வரும்படி அடங்கியிருக்கும்போது ஒருவர் எவ்வளவு நல்லவராக இருக்க முடியும்?

மணலில் ஒரு இலங்கை

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அடுத்த மாதமே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் சீட்டு வாங்கிக் கொழும்புக்கு வந்துசேரலாம் என்றானது. அதே காலத்தில் இராமநாதபுரக் கரையில் எழுந்தது மண்டபம் முகாம். நிலம் இந்தியாவில், நிர்வாகம் இலங்கை அரசிடம்.

இன்றைக்கு டப்ளினிலும் அபுதாபியிலும் அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் உட்கார்ந்துகொண்டு, விமானம் ஏறுவதற்கு முன்பே பயணியைச் சோதித்துவிடுகிறார்கள். நவீன ஏற்பாடு என்று பேசிக்கொள்கிறோம். அதை நூறு வருடத்துக்கு முன்பே மண்டபத்து மணலில் செய்துவிட்டார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்கள் அங்கே ஏறக்குறைய ஒரு வாரம் தங்கியாக வேண்டும். குளிக்கவைப்பார்கள், உடுத்திவந்த துணியை ஆவியில் போட்டு எடுப்பார்கள், அம்மை குத்துவார்கள், பின்னாளில் கொக்கிப்புழுவுக்கு மருந்தும் கொடுத்தார்கள். பிளேக் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இவ்வளவு நாள். உயர் வகுப்புச் சீட்டோடு வந்த வர்த்தகருக்கோ வக்கீலுக்கோ இந்தக் கெடுபிடி இருக்கவில்லை. கிருமிக்கும் வகுப்பு தெரியும் என்று நம்பினார்கள் போலும்.

மண்டபத்துக்கு முன்னால் கொழும்புக்கு அருகே ராகமையில் அந்த வேலை நடந்தது. தென்னாப்பிரிக்காவில் பிடிபட்ட போயர் போர்க்கைதிகளை அடைத்துவைத்த இடம் அது. கைதிகள் போன பிறகு தோட்டத் தொழிலாளரைத் தங்கவைத்தார்கள். கட்டடங்களை மாற்ற வேண்டிய தேவை அதிகம் இருந்திருக்காது.

இவ்வளவு காவலையும் மீறி 1914 தொடக்கத்தில் கொழும்புக்குள் பிளேக் நுழைந்தது. தானியக் கப்பல்களின் எலிகளோடு வந்ததாகவே கருதப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கு அளந்துபோடுவதற்காக வந்திறங்கிய அரிசி மூட்டைகளை யாரும் ஒரு வாரம் மண்டபத்தில் வைத்திருக்கவில்லை. சோதனை எப்போதும் சோதிக்கச் சுலபமானவர்களைத்தான் தேடிப்போகிறது. இதே போன்ற இன்னொன்றும் உண்டு. 1946இல் தேயிலைக் கொப்புள நோய் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே ஆண்டில் தலைகாட்டியது. காற்றில் பறக்கும் வித்துகளால் பரவும் பூஞ்சை அது. அடுத்த இரண்டாண்டுகளில் இலங்கையில் சட்டம் தேடிய அந்நியர், கொழுந்தில் அந்த நோயைப் பார்த்துப் பார்த்துக் கிள்ளி எறிந்துகொண்டிருந்த பெண்கள்.

தலைமன்னாரில் கிளம்பிய ரயில் மதவாச்சி, அநுராதபுரம், மாகோ தாண்டிப் பொல்காவலையில் மலைநாட்டுப் பாதையைப் பிடிக்கும். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஒவ்வொரு நிலையத்திலும் தகரத்தைப் பார்த்து ஆளை இறக்குவார்கள். அதன்பிறகு எல்லை முடிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பிரட்டுக் களத்துச் சாவடி

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போவது குற்றம், சிறைத் தண்டனை உண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். இந்த ஆளின் கடனை அடைத்தால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்கே பெரிய கடனாக வாங்கிப் பழைய கடனை அடைப்பார். ஆள் நகர நகரக் கடன் பெருகும். நாட்டு எல்லையைத் தாண்ட வழிச்செலவு கொடுத்தவர்கள், தோட்ட எல்லையைத் தாண்டக் கடனைக் காவல் வைத்தார்கள். 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் துண்டு முறையை ஒழித்தது.

வெளியிலிருந்து உள்ளே வருவதும் அப்படித்தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழைய வழியில்லாமல் துணி வியாபாரி வேடத்தில் போனார். சேலையை விரித்துப் போட்டுக்கொண்டே சம்பளத்தையும் கடனையும் விசாரித்தார். பிற்பாடு தொழிற்சங்கம் கட்டி, சட்டசபைக்கும் போனவர் அவர். இலங்கைக்குள் வர வேடம் தேவைப்படாத மனிதருக்கு தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் போக வேடம் தேவைப்பட்டது என்றால் எந்த எல்லை கெட்டியானது என்று புரியும்.

அந்த உள் எல்லையின் அன்றாடச் சாவடி, பிரட்டு. விடியும் முன்னே தப்பு அடித்து எழுப்பிவிடுவார்கள். பனி இறங்கிக்கொண்டிருக்கும் களத்தில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி தன் ஆட்களை எண்ணிச் சொல்ல, கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பேரேட்டில் பதிவார். நேரம் தப்பினால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. மாலையில் மடுவத்தில் கூடை நிறுத்த கையோடு அவசரமாக ஒரு கேள்வி வரும்:

"கங்காணி ஐயா, எம்பேரு போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு, போ புள்ள. நாளைக்கு நேரத்தோட வா."

கூலியைப் பற்றிய கேள்வி அது, குடியுரிமையைப் பற்றியது என்று அந்தக் காலத்தில் கேட்டவருக்கும் தெரியாது, பதில் சொன்னவருக்கும் தெரியாது.

செக்ரோல் சாட்சி

1939 ஆகஸ்ட் 1 முதல் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. அதோடு கங்காணியின் ஆள் சேர்க்கும் வேலை முடிந்தது. சுதந்திரம் வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்துவைத்தது. 1946 ஜனவரி 1க்கு முந்திய காலத்தில் மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடையறாமல் இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். நிரூபிக்க வேண்டியது விண்ணப்பதாரர். மனைவியும் சிறுபிள்ளைகளும்கூடத் தொடர்ந்து இங்கேயே இருந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கிவிட்டால் தொடர்ச்சி அறுந்தது என்று பொருள்.

எட்டடிக் காம்பராவில் குடியிருந்தவரிடம் காணி உறுதி இருக்குமா? வாடகைச் சீட்டு இருக்குமா? வாக்காளர் பட்டியல், பிள்ளையின் பள்ளி இடாப்பு, பிறப்புச் சான்று என்று சிலருக்குச் சில இருந்தன. பெரும்பாலோரிடம் இருந்த ஒரே சாட்சி செக்ரோல். அதுவும் அவர்கள் கையில் இல்லை. தோட்டக் கந்தோரில் இருந்தது. இலங்கையில் வாழ்ந்தேன் என்று ஒரு அரசாங்கத்திடம் நிரூபிக்க, பிரட்டுக் களத்தில் நின்றேன் என்று ஒரு கம்பனியிடம் எழுதி வாங்க வேண்டியிருந்தது.

அந்த ஏட்டை எழுதியவர்கள் கூலி போடுவதற்காகத்தான் எழுதினார்கள். ஒரே கும்பலில் மூன்று ராமாயி இருந்தால் ஒருத்தி பெரிய ராமாயி, இன்னொருத்தி சின்ன ராமாயி, மூன்றாமவள் கங்காணி வாயில் வந்த பட்டப்பெயர். பெருமாள் மகன் காத்தான், அடுத்த தோட்டத்துக்குப் போனதும் காத்தமுத்து ஆகியிருப்பான். கணக்கப்பிள்ளை தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் இன்றைக்கு ஒரு விதமாகவும் நாளைக்கு ஒரு விதமாகவும் எழுதியிருப்பார். சம்பளத்தன்று இதெல்லாம் பிரச்சினை இல்லை. முகத்தைப் பார்த்துக் காசு கொடுத்துவிடுவார்கள். விசாரணை அதிகாரி முகத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போன மனைவி, அம்மா சாகக் கிடக்கிறாள் என்று கேட்டு ஓடிப் பிறகு திரும்பி வர வழிச்செலவு இல்லாமல் மாதக்கணக்கில் தங்கிப்போனவர், காய்ச்சலில் படுத்து ஒரு பருவம் முழுக்கப் பெயர் விழாதவர் எல்லோரும் ஏட்டில் இடைவெளிகளாக இருந்தார்கள். இடைவெளி இருந்தால் அந்நியர்.

ஒரு அடிமட்டப் பதிவேடு, எழுதியவர் எந்த நோக்கத்தில் எழுதினாரோ அதற்கு நேரெதிரான வேலைக்கு வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கும் சாட்சியாக மாறிய கதை உலகத்தில் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். அரசியல் தலைமையும் தன் பங்குக்குச் சொதப்பியது. விண்ணப்பிக்க வேண்டாம் என்று இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் பகிஷ்கரித்தது. பிறகு மனம் மாறி, கெடு முடியும் நாளான 1951 ஆகஸ்ட் 5க்குள் அடித்துப் பிடித்துக்கொண்டு மனுக்கள் போயின. சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் வந்தன. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. பகிஷ்கரிப்பின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த மாதங்களில் தோட்டக் கந்தோர் வாசலில் பத்திரம் சேகரித்துக்கொண்டிருந்திருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சமாவது மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

திரும்பிப் போன மூட்டைகள்

1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் 9 லட்சத்து 75 ஆயிரம். அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1964 ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள் டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இறங்குதுறையும் போயிற்று, பயணிகளோடு ஒரு ரயிலும் போயிற்று. அதன்பின் இராமேஸ்வரத்துக்குத்தான் கப்பல். பெரும்பகுதி மக்கள் போனது ராமானுஜம் கப்பலில்.

ஒப்பந்தத்தின் ஒரு விதியைப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்க மாட்டோம் என்று இலங்கை அரசு வாக்குக் கொடுத்தது. சேமலாப நிதி, கைச்சேமிப்பு எல்லாம் இதில் அடக்கம். மூன்று தலைமுறை கொழுந்து பறித்த குடும்பத்தின் சொத்துக்கு ராஜதந்திர மொழியில் போட்ட கோடு அது. அந்தக் கோட்டை நடைமுறையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பியரில் இருந்த சுங்க உத்தியோகத்தர்கள்.

அதற்கு முன்னால் கண்டி. இந்திய உதவி உயர் ஸ்தானிகர் காரியாலயத்தில் கடவுச்சீட்டு, பிறகு குடும்ப அட்டை. நாள் குறித்துத் தாள் வந்தால் தோட்டத்தில் பெயர் வெட்டப்படும். ஹட்டன், நானுஓயா நிலையங்களில் அந்த நாட்களில் நடந்ததை மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்ற பெயரில் நினைவு வைத்திருக்கிறது. மு. சிவலிங்கம் தன் கதைத்தொகுதி ஒன்றுக்கு அதையே தலைப்பாக வைத்தார். அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டு, தங்கை இலங்கைப் பிரஜை என்று ஒரே லயத்துக் காம்பரா இரண்டாகப் பிளந்து நின்றது. ஏறியவரும் அழுதார், ஏற்றிவிட வந்தவரும் அழுதார். பொல்காவலை வரும்வரை ஒவ்வொரு நிலையத்திலும் ஒப்பாரி புதிதாக ஆள் சேர்த்துக்கொண்டது.

சுங்கச் சோதனைக்கு எதை விரித்தார்கள்? பித்தளைக் குடம், அம்மியில்லாத குழவி, சாமி படம், கம்பளி, பெட்டியில் மடித்துவைத்த கூறைச் சேலை, அதன் மடிப்பில் காது தோடு. வணிகச் சரக்கைச் சோதிக்கத் தெரிந்த கைக்கு வீட்டைச் சோதிக்கத் தெரியாது. கப்பலில் வரும் பெட்டியில் எது கடத்தல், எது சரக்கு என்று பிரிக்க விலைப்பட்டியல் உண்டு. ஒரு பெண்ணின் காதில் கிடப்பது அணிகலனா, சேமிப்பா, அந்நியச் செலாவணியா? சட்டப் புத்தகம் ஒன்று சொல்லும். நீண்ட வரிசை இன்னொன்று கேட்கும். மேற்பார்வையாளர் ஒரு நொடியில் முடிவு சொல்ல வேண்டும். நல்ல மேற்பார்வையாளர் அந்த ஒரு நொடியில் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். எல்லோரும் அப்படி வாய்க்கவில்லை.

அக்கரையில் இறங்கியவர்களை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? அதே மண்டபம். தாத்தாவுக்கு அம்மை குத்திய முகாமில் பேரனுக்கு மறுவாழ்வுத் திட்டம் எழுதிக்கொடுத்தார்கள். சிலருக்குக் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டம். சிலருக்குக் கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர். பலருக்கு வியாபாரக் கடன். தாயகம் திரும்பியோருக்கென்றே 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கினார்கள். பிள்ளைகள் பெருகியதையும் சேர்த்து ஏறத்தாழ 4 லட்சத்து 60 ஆயிரம் பேர் போனார்கள். 1984இல் உள்நாட்டுப் போர் கப்பலை நிறுத்தியது. ஒப்பந்தம் முடியவில்லை, பாதை முடிந்துவிட்டது.

அடையாள அட்டையும் பின்னணி அறிக்கையும்

இதற்கிடையில் வடமேற்குக் கரையில் கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்கவென்று இராணுவத்துக்குத் தனிப்படையே இருந்தது. 1963இல் அமைந்து 1981 வரை நீடித்தது. தோணியில் வந்தவர் எத்தனை பேர் பிடிபட்டார்களோ, ‘கள்ளத்தோணி’ என்ற வசவு மட்டும் கரையிலிருந்து ஆறாயிரம் அடி உயரத்துக்கு ஏறி, நுவரெலியாவில் பிறந்தவர் மேலும் விழுந்தது. தேசிய அடையாள அட்டை பிரஜைக்கு மட்டும் என்றதால், போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் தோட்டத்து இளைஞர்கள் முதலில் இறக்கப்பட்டார்கள். 1986, 1988 சட்டங்கள் வந்து, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்ற நிலை சட்டத்தில் முடிந்தது.

முன்வரிசை மேற்பார்வையாளர் வேலை முடிந்ததா? கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வழியைப் பாருங்கள். தோட்டத்திலிருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணைத் தேடி உப முகவர் வருகிறார். முன்பணம் கொடுக்கிறார், கடவுச்சீட்டு எடுத்துத் தருகிறார், வேனில் கொழும்புக்குக் கூட்டிப்போகிறார். தலைப்பாகை மட்டும்தான் இல்லை. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று விசாரித்துக் கையெழுத்துப் போடும் வேலையைக் கீழ்மட்ட உத்தியோகத்தர்களிடம் ஒப்படைத்தது. யாரை விட்டுவிட்டுப் போகிறாய் என்ற முன்சீப்பின் கேள்வி அப்படியே திரும்பி வந்தது, பெண்ணிடம் மட்டும். கையெழுத்துக் கிடைக்காதவர் வீட்டிலேயே இருந்துவிட்டாரா என்றால் இல்லை. சுற்றுலா விசாவில் போய்விட்டார், அங்கே ஏதாவது நடந்தால் கேட்பாரில்லாமல்.

தேயிலைக்கு இந்தத் தொல்லை இல்லை. 2017 டிசம்பரில் ஒரு பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. அரசாங்கமே எழுந்து ஓடியது. தூதுக்குழு, பேச்சுவார்த்தை, கல்நார் இறக்குமதித் தடையை மறுபரிசீலிப்பது வரை போனார்கள். சில நாட்களில், ஆண்டு முடிவதற்குள் தடை நீங்கியது. பறித்தவர்களின் எல்லைச் சிக்கலைத் தீர்க்க 55 ஆண்டு ஆயிற்று.

2023இல், வந்து இருநூறு ஆண்டு ஆனதன் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்த நடை. அதே ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் வந்தது. தலைமன்னார் வழி இன்னும் திறக்கவில்லை.

மண்டபம் திறந்தே இருக்கிறது. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பிப் போனவர்களில் மலையகத்து வம்சாவளியினரும் ஆயிரக்கணக்கில் உண்டு. வன்முறைக்குப் பயந்து மலையிலிருந்து வவுனியாப் பக்கம் இறங்கி, அங்கிருந்து கடல் தாண்டியவர்கள். முகாம்களின் பெயரை 2021இல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. மண்டபத்திலும் திருச்சி கொட்டப்பட்டிலும் இருந்த சிலர் இந்தியக் குடியுரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். 2019 ஜூன் 17இல் மதுரை அமர்வில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அவர்களுடைய மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்க வழிவிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. உரிய பத்திரம் இல்லாமல் கரையேறியவர்கள் என்பதால் இவர்கள் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள். எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அது வசிப்பாகச் சேராது.

முகாமில் வருவாய் ஆய்வாளர் குறித்த நாளில் வந்து தலைக்கணக்கு எடுக்கிறார். அன்றைக்கு ஆள் இல்லாவிட்டால் உதவித்தொகை நின்றுபோகலாம் என்று, வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் கூலியை விட்டுவிட்டுத் திரும்பி வந்து நிற்கிறார்கள். முப்பத்தைந்து நாற்பது ஆண்டாக இந்தியாவில் இடையறாமல் வாழ்ந்ததற்கு இவர்களைப் போல அரசாங்கப் பதிவேடு வைத்திருப்பவர்கள் அந்த நாட்டில் வேறு யாரும் இருக்க முடியாது. 1949இல் இலங்கை கேட்டது அந்தத் தொடர்ச்சியைத்தான். இவர்களின் தாத்தா பாட்டிகளால் காட்ட முடியவில்லை. இப்போது பேரப்பிள்ளைகளிடம் அது மாதம் தவறாமல் இருக்கிறது, டில்லி அதைக் கேட்கவில்லை.